பைட்டேஸ் பக்கற்றும் வளராத மீனும்: தென்மராட்சி வாசகிக்கு ஒரு பதில்

தென்மராட்சியிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீட்டு வளவில் இரண்டு சீமெந்துத் தொட்டிகள், தோட்டத்தில் தறப்பாள் விரித்த ஒரு குளம். எட்டு மாதத்துக்கு முன் திலாப்பியாக் குஞ்சுகளையும் கொஞ்சம் ரோகுக் குஞ்சுகளையும் கலந்து விட்டிருக்கிறார். கடைத் தீனின் விலை கட்டுப்படியாகாததால் தானே தீன் செய்கிறார். தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் எல்லாவற்றையும் குழைத்து, புட்டு அவிக்கிற மாதிரி அவித்து, இறைச்சி அரைக்கிற மெஷினில் பிழிந்து, வெயிலில் காயவைப்பது அவர் முறை. நான்கு மாதத்துக்கு முன் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி 'பைட்டேஸ்' என்ற என்சைம் பக்கற் ஒன்றை விற்றிருக்கிறார். "இதைப் போட்டால் கருவாட்டுத் தூளே தேவையில்லை, தவிட்டிலேயே மீன் வளரும்" என்பது அவர் சொன்னது. கருவாட்டுத் தூள் நின்றது. யூரியூப் பார்த்து உள்ளி, மஞ்சள், வேப்பிலை, முருங்கை இலை, பப்பாசிப் பால், சிப்பிச் சுண்ணாம்புத் தூள் எல்லாம் தீனுக்குள் வந்தன.

இப்போது திலாப்பியா ஒன்று சராசரி 90 கிராம்தான் இருக்கிறது. விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, இடைக்கிடை செத்தும் மிதக்கின்றன. ரோகு கிட்டத்தட்ட விட்டபடியே நிற்கிறது. மருந்துக் கடையில் கப்சூல் வாங்கிக் கலக்கச் சொல்லி ஒருவர் ஆலோசனை கொடுத்திருக்கிறார். என்சைமின் அளவைக் கூட்டலாமா, மூலிகை போதாதா, 'இயற்கை மீன்' என்று சொல்லி விற்கலாமா, பக்கற்றுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, தீன் செய்கிற ஒவ்வொரு படியையும் அளவோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பைட்டேஸ் போலிச் சரக்கு அல்ல. உலகம் முழுக்க மீன் தீனிலும் கோழித் தீனிலும் அது சேர்க்கப்படுகிறது. ஆனால் உங்கள் மீன் வளராததற்குக் காரணம் என்சைம் குறைந்தது அல்ல. கருவாட்டுத் தூளை எடுத்த இடத்தில்தான் சிக்கல் தொடங்கியது.

பைட்டேஸ் என்ன செய்யும்?

தானியத்திலும் எண்ணெய் வித்துகளிலும் உள்ள பொசுபரசில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைற்றிக் அமிலமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் என்சைம் மீனின் உடம்பில் போதியளவு இல்லை. அதனால் அது அப்படியே கழிவோடு வெளியேறும். போகும்போது துத்தநாகம் போன்ற கனிமங்களையும் கொஞ்சம் புரதத்தையும் பிடித்துக்கொண்டு போகும். பைட்டேஸ் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. மீனின் எலும்பு உறுதியாகும், தாவரத் தீனின் பயன் கூடும், தண்ணீருக்குள் போகிற பொசுபரசும் குறையும். எள்ளுப் பிண்ணாக்கில் பைற்றிக் அமிலம் மிக அதிகம், ஆகவே உங்கள் தீனுக்கு இந்த என்சைம் பொருத்தமில்லாதது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அது தீனில் இல்லாத புரதத்தை உண்டாக்காது. தேங்காயே இல்லாத வீட்டில் கத்தியைத் தீட்டி என்ன பயன்? தவிட்டில் 12 வீதமளவு புரதம்தான். என்சைம் போட்ட பிறகும் அது 12 வீதம்தான்.

அடுத்தது, நீங்கள் அதைப் போட்ட விதம். "மாவோடு சேர்த்துக் குழைத்து, ஆவி நன்றாக வரும்வரை அவித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்சைம் என்பது ஒரு புரதம். ஈரமான சூட்டில் 70, 80 பாகை செல்சியசைத் தாண்டினால் சாதாரண பைட்டேஸ் செயலிழக்கத் தொடங்கிவிடும். கொதி ஆவி 100 பாகை. நீங்கள் நான்கு மாதமாகச் செத்த என்சைமைத்தான் மீனுக்குப் போட்டிருக்கிறீர்கள். பெரிய தீன் ஆலைகளில்கூட உருண்டை பிழிந்து ஆறிய பிறகே திரவ என்சைமை மேலே தெளிப்பார்கள், அல்லது சூடு தாங்குவதற்காகப் பூச்சுப் போட்ட என்சைமை வாங்குவார்கள்.

நீங்களும் அப்படியே செய்யலாம். என்சைம் இல்லாமல் அவித்துப் பிழிந்து காயவைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆறிய தீனை ஒரு பெரிய தாம்பாளத்தில் பரப்பி, தேவையான என்சைமை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து, பூக்கன்றுக்கு அடிக்கிற சின்னத் தெளிப்பானால் புரட்டிப் புரட்டித் தெளியுங்கள். மேலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் கரைந்து போகாது. பிறகு நிழலில் உலர்த்துங்கள்.

அளவையும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பக்கற்றின் மேல் ஒரு கிராமுக்கு 5,000 எஃப்.டி.யு. என்று இருக்கிறது. அது என்சைமின் வீரியத்தைச் சொல்லும் அலகு. மீன் தீனில் கிலோவுக்கு 500 முதல் 2,000 அலகு வரை போடுவது வழக்கம். 1,000 என்று வைத்துக்கொண்டால் 10 கிலோ தீனுக்கு 2 கிராம் போதும். 500 கிராம் பக்கற் ஒன்று 2,500 கிலோ தீனுக்குக் காணும். நீங்கள் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு மாதம் ஒரு பக்கற் முடித்திருக்கிறீர்கள். அளவைக் கூட்டலாமா என்று கேட்டீர்கள். சொல்லப்போனால் நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு வாங்க வேண்டும், அவ்வளவு கொஞ்சமாகத்தான் போட வேண்டும்.

திலாப்பியாவுக்கு இரைப்பை உண்டு, ரோகுவுக்கு இல்லை

கடைக்காரர்கள் இதைச் சொல்லுவதில்லை. சந்தையில் கிடைக்கும் பைட்டேஸ்கள் புளிப்பான இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். திலாப்பியாவின் இரைப்பையில் கடும் அமிலம் சுரக்கிறது, எனவே அங்கே அதற்கு வாய்ப்பான இடம் இருக்கிறது. ரோகு, கட்லா, மிரிகால் எல்லாம் கெண்டைக் குடும்பம். அவற்றுக்கு இரைப்பையே கிடையாது. வாயால் போனது நேரே குடலுக்குப் போகிறது. குடலில் அமிலம் இல்லை, பைட்டேஸ் அங்கே மந்தமாகத்தான் இருக்கும். ஒரே தொட்டியில் ஒரே தீனைப் போட்டால் ஒரு மீனுக்குக் கிடைக்கிற பயன் மற்றதற்குக் கிடைக்காது. (ரோகு பின்தங்கியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: தீன் விழுந்தவுடன் திலாப்பியா முந்தியடித்துத் தின்றுவிடும்.)

ரோகுவுக்கும் பயன் வேண்டுமென்றால் அந்த வேலையை மீனின் வயிற்றுக்கு வெளியிலேயே முடித்துவிட வேண்டும். தவிட்டையும் பிண்ணாக்கையும் அவிப்பதற்கு முன், கொஞ்சம் தேசிப்புளி விட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் என்சைமோடு ஈரமாகப் பிசைந்து, மூடி, ஐந்தாறு மணித்தியாலம் வையுங்கள். அதற்குள் பைற்றிக் அமிலத்தில் ஒரு பங்கு உடைந்திருக்கும். பிறகு அவித்தாலும் பாதகமில்லை, என்சைம் தன் வேலையை முடித்துவிட்டது. என்சைம் வாங்கக் காசில்லாவிட்டால் இந்தப் பிசைதலில் கொஞ்சம் கோதுமைத் தவிடு சேருங்கள். கோதுமைத் தவிட்டில் பைட்டேஸ் இயற்கையாகவே கணிசமாக உண்டு. அரிசித் தவிட்டில் அந்தளவுக்கு இல்லை.

சிப்பிச் சுண்ணாம்பை நிறுத்துங்கள். "எலும்புக்கு நல்லது" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. மீன் தனக்கு வேண்டிய கல்சியத்தைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தண்ணீரில் பற்றாமல் இருப்பது பொசுபரசு, அது தீனிலிருந்துதான் வர வேண்டும். தீனில் கல்சியத்தைக் கூட்டினால் அது பைற்றிக் அமிலத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். அதைப் பைட்டேசாலும் இலேசில் உடைக்க முடியாது. என்சைமையும் அதன் வேலையைக் கெடுக்கிற பொருளையும் ஒரே சட்டியில் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தீனின் கணக்கு

நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தேன். முந்தி 10 கிலோ தீனில் தவிடு 5, தேங்காய்ப் பிண்ணாக்கு 2, எள்ளுப் பிண்ணாக்கு 1.5, கருவாட்டுத் தூள் 1.5 கிலோ. அவற்றிலிருந்து வருகிற புரதம் வரிசையாக 600, 400, 600, 825 கிராம். மொத்தம் 2,425 கிராம், அதாவது 24 வீதம். இப்போது கருவாட்டுத் தூளின் இடத்தில் ஒன்றரைக் கிலோ பச்சை இலையும் உள்ளியும். அவற்றில் பெரும்பங்கு தண்ணீர், 100 கிராம் புரதம் வந்தாலே பெரிது. மொத்தம் 17 வீதத்துக்கு இறங்கிவிட்டது. வளர்கிற திலாப்பியாவுக்கு 28 முதல் 32 வீதம் வேண்டும், சின்னக் குஞ்சுக்கு அதைவிடக் கூட. ஆறு மாதத்தில் கால் கிலோவைத் தாண்ட வேண்டிய மீன் எட்டாம் மாதத்திலும் 90 கிராமில் நிற்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

என் பரிந்துரை 10 கிலோவுக்கு இப்படி: தவிடு 4, தேங்காய்ப் பிண்ணாக்கு 1, எள்ளுப் பிண்ணாக்கு 1.5, சோயாப் பிண்ணாக்கு 1.5, கருவாட்டுத் தூள் 1.5, பிசுபிசுப்புக்குக் கோதுமை மா அரைக் கிலோ. இது 28 வீதத்துக்கு வரும். இதற்கு மேல் கோழித் தீன் கடையில் கிடைக்கும் விற்றமின்-கனிமக் கலவையில் 100 கிராம். சோயா வாங்கும்போது எண்ணெய் எடுத்து, சூடு காட்டிய பிண்ணாக்காகப் பாருங்கள். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் உண்டு. கருவாடு உப்புப் போடாததாக இருக்கட்டும். துறையில் மலிவாகக் கிடைக்கும் காரல், சூடை போன்றவற்றை மணல் போகக் கழுவி உப்பில்லாமல் காயவைத்து இடித்தால் போதும்.

எள்ளுப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. சோயாவிலும் மீனிலும் அது தாராளம். மீன் தூளைக் குறைக்க விரும்பினால், இந்தத் தீனில் மீன் வளரத் தொடங்கிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகச் சோயாவைக் கூட்டி இதைக் குறையுங்கள். அந்தக் கட்டத்தில் பைட்டேஸ் உண்மையாகவே கைகொடுக்கும். முழுதாக நிறுத்த வேண்டாம்.

மூலிகைகள்

ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வளர்ச்சிக்காக அன்டிபயோட்டிக் கலப்பதைத் தடை செய்த பிறகு, உள்ளி, மஞ்சள், இஞ்சி போன்றவற்றின் மீது மீன் ஊட்ட ஆய்வாளர்களின் பார்வை இன்னும் கூடியது. உள்ளித் தூள் திலாப்பியாவின் நோயெதிர்ப்பைக் கூட்டியதாகப் பல ஆய்வுகள் உண்டு. அவற்றில் போட்ட அளவு பெரும்பாலும் கிலோ தீனுக்கு 5 முதல் 30 கிராம் உலர்ந்த தூள். ஆனால் முடிவுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரவில்லை, கூடப் போட்டால் வளர்ச்சி பின்வாங்கியதும் உண்டு. உங்களுக்கு விருப்பமென்றால் கிலோவுக்கு 10 கிராம் உள்ளித் தூள் போடுங்கள். மஞ்சள் ஒரு சிட்டிகை போட்டால் தீங்கில்லை.

முருங்கை இலை சத்துள்ளதுதான், நமக்கு. பச்சையாகக் கூடுதலாகப் போட்டால் அதிலுள்ள சப்போனின், தனின் போன்றவை மீனின் வளர்ச்சியைக் குறைக்கின்றன. திலாப்பியா ஆய்வில் தீனின் புரதத்தில் பத்தில் ஒரு பங்கை முருங்கையால் ஈடுசெய்தபோது பாதிப்பில்லை, அதற்கு மேல் போனபோது வளர்ச்சி விழுந்தது. வேப்பிலையை உடனே நிறுத்துங்கள். பூச்சியைக் கொல்லும் அதே வேப்பம் பொருட்கள் அளவு கூடினால் மீனுக்கும் நஞ்சு. பப்பாசிப் பாலில் புரதத்தை உடைக்கிற பப்பைன் என்ற என்சைம் இருப்பது சரி. ஆனால் எந்தக் காயில் எவ்வளவு வீரியம் என்று வீட்டில் அளக்க முடியாது, பால் பட்டால் கையும் புண்ணாகும். வளர்ந்த திலாப்பியாவுக்குப் புரதம் செரிக்கிற என்சைம் தன்னிடமே இருக்கிறது. அது வேண்டாம்.

மருந்துக் கடைக் கப்சூல்? கூடவே கூடாது. நோய் எதுவென்று தெரியாமல் மனித அன்டிபயோட்டிக்கைத் தீனில் கலந்தால் மீனில் மருந்து எச்சம் நிற்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உங்கள் வளவிலேயே உருவாகும். அதைவிட, உங்கள் மீன் சாவதற்குக் காரணம் கிருமி என்று நான் நினைக்கவில்லை.

விடியப்புறம் ஏன் சாகிறது?

விடியும் நேரத்தில் மேலே வந்து வாயைப் பிளப்பதும், வெயில் ஏறியதும் பழையபடி நீந்துவதும் ஒட்சிசன் பற்றாக்குறையின் அடையாளம். தொட்டித் தண்ணீர் "நல்ல பச்சை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாசி பகலில் ஒட்சிசன் விடும், இரவில் அதுவே ஒட்சிசனை எடுக்கும். செரிக்காத தவிடும் இலைச் சக்கையும் அடியில் அழுகி மிச்சத்தையும் இழுத்துவிடும். இரண்டு நாளுக்குத் தீன் நிறுத்துங்கள். அடிச் சேற்றோடு நாலில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். கிணற்றுத் தண்ணீரிலும் ஒட்சிசன் குறைவாக இருக்கும், ஆகவே குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தாமல் உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள். அதிகாலை மூன்று, நாலு மணிக்கு மோட்டரைப் போட்டு அதே தண்ணீரைச் சுற்றித் தெளிக்க வைத்தாலும் உயிர் காக்கும். தீனைக் காலை எட்டு மணிக்குப் பிறகும் பின்னேரம் நாலு மணிக்குள்ளும் கொடுங்கள்.

வெளியே விடுகிற தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சுங்கள். கிணற்றுப் பக்கம் விட வேண்டாம். நம்முடைய நிலத்தடி நீரில் ஏற்கெனவே நைத்திரேற்று அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். கீழே சுண்ணக்கல், மேலே ஊற்றியது வடிந்துவிடும்.

குளத்தில் "நிறையச் சின்னக் குஞ்சு கிடக்குது" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். அது சந்தோஷப்படுகிற விஷயமல்ல. ஆணும் பெண்ணும் கலந்து விட்ட திலாப்பியா இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கும். பெண் மீன் முட்டையை வாயில் வைத்துக் காக்கிற நாட்களில் சாப்பிடாது, அதன் வளர்ச்சி அங்கேயே நிற்கும். பிறந்தவை தீனைப் பங்குபோடும். நீங்கள் போடுகிற தீனில் ஒரு பங்கு இந்தக் குஞ்சுகளுக்கே போகிறது. சின்னக் கண் வலையால் அவற்றை எடுத்து உலர்த்தினால் உங்கள் மீன் தூள் செலவு கொஞ்சம் குறையும், ஆனால் அவித்த பிறகே தீனில் சேருங்கள். அடுத்த முறை ஆண் குஞ்சுகளை மட்டும் வாங்குங்கள். மீன் வளர்ப்புக்கான அரச நிறுவனமான நக்டாவின் மாவட்ட உத்தியோகத்தரைக் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார். பப்பாசி விதைத் தூள் போட்டால் முட்டையிடாது என்று வருகிற வீடியோக்களை நம்பி இறங்க வேண்டாம். விதை மீனின் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதித்தது ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஆனால் தின்ன வளர்க்கிற மீனில் அளவு தெரியாமல் போட்டுப் பார்க்கிற பொருள் அல்ல அது.

பைட்டேஸ் பயன் தருகிறதா என்று அறிய

முதலில் தீனைத் திருத்தி ஒரு மாதம் போகட்டும். பிறகு குளத்துக்குள் கம்பு நட்டு நைலோன் வலைக் கூடுகள் ஆறு கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு திலாப்பியா இருபது. மூன்று கூட்டுக்கு என்சைம் தெளித்த தீன், மூன்றுக்கு வெறும் தண்ணீர் தெளித்த அதே தீன். ஒரு கூட்டையும் ஒரு கூட்டையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஓரத்தில் இருந்த கூட்டுக்குக் காற்று நன்றாகப் பட்டிருக்கும், அதுவே வித்தியாசமாகத் தெரியும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வாளியில் தண்ணீரோடு நிறுத்து எழுதுங்கள், போட்ட தீனையும் எழுதுங்கள். எட்டுக் கிழமை முடிய, ஒரு கிலோ மீன் ஏற எத்தனை கிலோ தீன் போனது என்று பாருங்கள். நல்ல தீனில் அது ஒன்றரை முதல் இரண்டுக்குள் வரும். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லாவிட்டால் அடுத்த பக்கற்றை வாங்க வேண்டியதில்லை.

விற்பனையும் மச்சானும்

'இயற்கை மீன்' என்று போட்டு விற்க வேண்டாம். சான்றில்லாமல் அப்படிச் சொல்வது வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவது ஆகும். "வீட்டில் வளர்த்தது, அன்டிபயோட்டிக் போடாதது" என்று உண்மையைச் சொல்லி விற்கலாம், அதற்கே ஆள் வரும். இப்போதைய மீனைத் தின்பதில் தீன் காரணமாகப் பயம் இல்லை. செத்து மிதந்தவற்றை மட்டும் புதைத்துவிடுங்கள்.

காசு விஷயம் சிக்கலானது. பக்கற்றில் எழுதியிருக்கிற வீரியத்தில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. பொய், அதை விற்ற மச்சான் வாயால் சொன்னதில் இருக்கிறது. நீங்கள் பற்றுச்சீட்டு வாங்கவும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவிக்கிற சட்டியில் போட்டதும் அளவு கூடியதும் உங்கள் பக்கம் நிற்கும்போது முழுக்காசும் திரும்பி வரும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். உடைக்காத பக்கற் இரண்டு இருப்பதாகச் சொல்கிறீர்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள். திகதி கிட்ட இருந்தால், அல்லது தொகுதி இலக்கமே இல்லாவிட்டால், அதைக் காட்டி அவற்றைத் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேளுங்கள். குடும்பத்துக்குள் இது போதும், முறைப்பாட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். திகதி தூரத்தில் இருந்தால் ஒன்றை வைத்திருங்கள், நிழலில், ஈரம் படாமல். உங்கள் அளவுக்கு அது ஒன்றே நெடுநாள் வரும். மச்சான் மற்ற வீடுகளுக்கும் அதே கதையைச் சொல்லி விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவிக்கக் கூடாது, மீன் தூளை நிறுத்தக் கூடாது, ரோகுவுக்கு இப்படிப் போட்டுப் பயனில்லை என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கற்றோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லி அவரிடம் கேளுங்கள். அவருக்கும் அது நல்லது, அடுத்த கிழமை வேறொருவர் காசு கேட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்.